என் மாகாணத்துப் பெண்கள்

வில்யார்கா, 12 ஜனவரி 1981

அன்புள்ள அண்ணன் எலாடியோவுக்கு,

கசில்டா எழுதுகிறேன். முழங்கால் வலியைத் தவிர எனக்குக் குறையொன்றும் இல்லை. உன் ரத்த அழுத்தம் இறங்கியதா? உப்பைக் குறைத்துக்கொண்டாயா?

போன வியாழக்கிழமை பன்றி அடித்தோம். அரிசி போட்ட ரத்த சாசேஜ் ஒரு டஜன் பேருந்து ஓட்டுநரிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். மந்திரியாகப் போகிறவர்கள் மாட்ரிட்டில் இதையெல்லாம் சாப்பிடலாமா என்று தெரியவில்லை. கூடாதென்றால் வாசல் காவலாளியிடம் கொடுத்துவிடு.

கிறிஸ்துமஸ் அட்டையில் பழைய பெட்டியைப் பற்றிக் கேட்டிருந்தாய். உன் பழைய கட்சியின் நீலச் சட்டையையும், தலைவர் படத்துக்குக் கீழே நீ கையை நீட்டிக்கொண்டு நிற்கிற போட்டோக்களையும் எரித்துவிடச் சொல்லியிருந்தாய். சட்டையைக் கிழித்துக் கடைக் கண்ணாடி துடைக்கிறேன். நல்ல துணி, இன்னும் நாலு வருடம் வரும். போட்டோக்கள் பத்திரமாக இருக்கின்றன. நீ பிறந்ததிலிருந்தே ஜனநாயகவாதி என்று பத்திரிகையில் படித்தேன். நாற்பது வருடம் தேர்தலே இல்லாமல் ஆண்ட அந்தத் தலைவர் செத்து ஐம்பது நாள் ஆவதற்குள் நீ பர்கோஸில் மனைவியை விட்டுவிட்டு மாட்ரிட்டுக்கு ரயிலேறியதுதான் எனக்கு நினைவிருக்கிறது. அதற்கு முன்னால் இருந்தவன் வேறு எலாடியோ போலிருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இத்தனை வருடம் நாட்டில் இல்லாத விவாகரத்துச் சட்டம் உங்கள் நாடாளுமன்றத்துக்கு வருகிறது என்று ரேடியோவில் சொன்னார்கள். திமோதியோ ஜெர்மனிக்கு வேலைக்குப் போனது 1962-இல். இரண்டாவது வருடம் கடிதம் நின்றது. ஆறாவது வருடம் நம் ஊர்க்காரர் ஒருவர் அவனை டுசெல்டார்ஃப் சந்தையில் ஒரு ஜெர்மன்காரியோடும் மூன்று பிள்ளைகளோடும் பார்த்துவிட்டு வந்து சொன்னார். பத்தொன்பது வருடமாக நான் புருஷன் உள்ளவளும் இல்லை, இல்லாதவளும் இல்லை.

கால்நடை மருத்துவர் ஃபெர்மினை உனக்குத் தெரியும். மனைவி போய் ஏழு வருடம் ஆகிறது. செப்டம்பரில் ஓய்வு பெறுகிறார். என்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டார், நானும் சரி என்றேன். முடியாமல் போனால் சாந்தாந்தரில் இருக்கும் தன் அக்காவிடம் போய்விடுவார். கல்யாணம் இல்லாமல் ஒரே வீட்டில் இருந்தால் இந்த ஊர் எங்களைப் பிய்த்துத் தின்றுவிடும். குறுக்கே நிற்பது டுசெல்டார்ஃபில் இருக்கிற ஒருவனும் உங்கள் சபையும்தான்.

உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை. புகையிலையும் தபால்தலையும் விற்கிற இந்தக் கடையின் அரசு உரிமத்துக்கு நீ சிபாரிசு செய்ததுகூட நானாகக் கேட்டதல்ல, நீயாகச் செய்தது. இப்போது கேட்கிறேன். அந்தச் சட்டத்துக்குக் கை தூக்கு.

அம்பாரோ அண்ணியை விசாரித்ததாகச் சொல். நீதான் பர்கோஸுக்குப் போவதே இல்லையே, நானே சொல்லிக்கொள்கிறேன்.

உன் தங்கை
கசில்டா


மாட்ரிட், 9 பிப்ரவரி 1981

அன்புச் சகோதரிக்கு,

இறைவன் அருளால் இங்கு அனைவரும் நலம். தங்களின் ஜனவரி 12-ஆம் தேதியிட்ட கடிதம் கிடைக்கப்பெற்றேன். அதில் தெரிவித்துள்ள கருத்துகள் உரிய கவனத்தில் எடுத்துக்கொள்ளப்பட்டன. குடும்பம் என்னும் அமைப்பே நம் தேசத்தின் அடித்தளம் என்பதில் எனக்கு என்றும் மாறாத உறுதி உண்டு. மாகாண மக்களின் உணர்வுகளை அவையில் எதிரொலிப்பது என் கடமை.

அனுப்பிய பொருளுக்கு நன்றி.

தங்கள்
எலாடியோ பராஹோனா
நாடாளுமன்ற உறுப்பினர்

(கையால் எழுதியது:) கசில்டா, தட்டச்சு செய்யும் பெண் எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் அடிப்பாள், தப்பாக நினைக்காதே. சாசேஜ் பிரமாதம். உனக்குப் பழைய விஷயங்கள் நினைவிருக்கிறதா? நம் குடும்பத்துக் கல்யாணங்களில் யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்பது போல? சும்மா கேட்கிறேன். போட்டோக்களை எரித்துவிடு.


வில்யார்கா, 3 மார்ச் 1981

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ உயிரோடு இருக்கிறாய். அதற்கு மேல் நலம் விசாரிக்க இந்த முறை ஒன்றும் இல்லை.

பிப்ரவரி இருபத்து மூன்றாம் தேதி சாயந்திரம் கடையில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் சபை வாக்கெடுப்பில் ஒவ்வொரு பெயராகப் படித்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று சத்தம், பிறகு துப்பாக்கி வெடித்தது. ஆட்சியைக் கவிழ்க்க ஆயுதப் படையினர் உங்கள் சபைக்குள் புகுந்துவிட்டார்கள் என்று பிறகுதான் சொன்னார்கள். நான் அழுதேன், அதை உன்னிடம் மறைக்கமாட்டேன். என்ன இருந்தாலும் நீ என் கூடப் பிறந்தவன். ஃபெர்மின் கடைக் கதவை இழுத்து மூடிவிட்டு, மறுநாள் உங்களையெல்லாம் வெளியே விடும் வரைக்கும் என்கூட உட்கார்ந்திருந்தார். அதுவே ஊருக்கு ஒரு வாரம் பேசப் போதுமானதாக இருந்தது.

சுட்டபோது நீ பெஞ்சுக்கு அடியில் படுத்தாய் என்றால் அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. துப்பாக்கி வெடித்தால் படுக்கத்தான் வேண்டும், நானும் படுத்திருப்பேன். ஆனால் இரண்டு நாள் கழித்துத் தொலைக்காட்சியில் வந்து, இருக்கையை விட்டு அசையவில்லை என்று சொன்னாயே, அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. வெளியே வந்த அன்று எடுத்த படமும் பத்திரிகையில் வந்தது. உன் கோட்டின் இரண்டு முழங்கையிலும் தரையின் தூசி. பத்து வருடம் உனக்குச் சட்டை துவைத்தவள் கண்ணில் அதெல்லாம் தப்பாது.

நினைவு எப்படி இருக்கிறது என்று கேட்டாயே. நன்றாக இருக்கிறது. எட்டு வயதில் பங்குத் தந்தையின் கோழியைத் திருடிவிட்டு, இறகை என் தலையணையில் நீ ஒளித்துவைத்தது முதல் எல்லாம் இருக்கிறது. சும்மா கேட்கிற ஆள் இல்லையே நீ, எதற்குக் கேட்டாய்?

என் கேள்விக்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லை. மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொள்.

கசில்டா


மாட்ரிட், 20 மார்ச் 1981

என் அருமைத் தங்கை கசில்டாவுக்கு,

இந்தக் கடிதத்தை நானே கைப்பட எழுதுகிறேன். படித்ததும் கிழித்துவிடு. உன் முழங்காலுக்கு இங்கே நல்ல டாக்டர் இருக்கிறார், ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

நம் குடும்பத்தில் ஒரு திருமணம், கடவுளுக்கு முன்னால் ஒருபோதும் திருமணமாகவே இருந்ததில்லை என்று இப்போது தெளிவாகியிருக்கிறது. இதில் ஒரு இளம் பெண்ணின் வாழ்க்கை அடங்கியிருக்கிறது. திருச்சபை நீதிமன்றத்தில் மனு போட்டிருக்கிறோம். இது விவாகரத்து இல்லை, கசில்டா. விவாகரத்து என்பது இருந்ததை உடைப்பது. இது, இல்லாததை இல்லை என்று சொல்வது. வித்தியாசம் உனக்குப் புரியும்.

சாட்சி ஒருவர் வேண்டும். கல்யாணத்தன்று காலையில் துணிக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்ததும், எடுத்துக் கொடுத்ததும், பக்கத்தில் நின்றதும் நீதான். நீ சொல்லவேண்டியது ஒன்றே ஒன்று: "இது சரிப்படவில்லை என்றால் நான் விட்டுவிடுவேன், ஆயுசுக்கும் கட்டிக்கொண்டு அழமாட்டேன் என்று கல்யாணத்துக்கு முன்னால் என்னிடம் சொன்னார்." இதே வார்த்தைகள் போதும். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். பர்கோஸ் ஆயர் இல்லத்திலிருந்து உனக்கு அழைப்பு வரும். ஒரு மணி நேர வேலை.

ஊரில் யாரிடமும் பேச வேண்டாம். அம்பாரோவிடம் நிச்சயமாக வேண்டாம், அவள் நெஞ்சு தாங்காது.

உன் அன்பு அண்ணன்
எலாடியோ


வில்யார்கா, 2 ஏப்ரல் 1981

அன்புள்ள அண்ணனுக்கு,

கடிதத்தை ஒன்றுக்கு மூன்று முறை படித்தேன். நம் எல்விராவுக்கா இந்த நிலைமை? அவள் விட்டோரியாவிலிருந்து இரண்டு வருடமாக ஊர்ப்பக்கம் வராதபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பெற்ற மகளுக்கு இப்படி என்றால் அண்ணியின் நெஞ்சு தாங்காதுதான். கை நீட்டுகிறானா அந்தப் பையன்? குடிக்கிறானா?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவள் கல்யாணத்தன்று காலையிலும் இஸ்திரி போட்டவள் நான்தான். நீ எழுதிக் கொடுத்த வார்த்தை எதையும் அவள் என்னிடம் சொல்லவில்லை. ஷூ கடிக்கிறது என்றுதான் சொன்னாள். பைபிளின் மேல் கை வைத்துப் பொய் சொல்ல எனக்குப் பயம். ஆனாலும் அந்தப் பெண்ணை நான் தூக்கி வளர்த்தவள். அவளுக்காக அந்தப் பாவத்தைச் சுமக்கிறேன், பிறகு பாவமன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். உன் மகளுக்கு என்றால் கல்யாணமே நடக்கவில்லை என்று சொல்லிவிடலாம், ஐந்து சாமியார்கள் உட்கார்ந்து எழுதிக் கொடுப்பார்கள். புகையிலை விற்கிற தங்கைக்கு என்றால் அது கடவுள் போட்ட முடிச்சு, அவிழ்க்கவே கூடாது. அப்படித்தானே? ரோமாபுரி வரைக்கும் வக்கீல் வைக்க எனக்கு வழியில்லை. எனக்கு இருப்பது அந்தச் சட்டம் ஒன்றுதான்.

அதனால் பேரம் இதுதான். நான் இங்கே சாட்சி சொல்கிறேன், நீ அங்கே ஓட்டுப் போடு. எழுத்தில் பதில் வேண்டும். டாக்டர் எல்லாம் வேண்டாம், முழங்கால் இப்படியே இருக்கட்டும்.

எல்விராவுக்கு என் முத்தங்கள்.

கசில்டா


மாட்ரிட், 24 ஏப்ரல் 1981

அருமைத் தங்கைக்கு,

ஈஸ்டர் வாழ்த்துகள். சிலுவை ஊர்வலத்தில் மெழுகுவர்த்தி பிடித்தாயா? முழங்கால் ஒத்துழைத்ததா?

உன் நல்ல மனசுக்கு நன்றி. நீ கேட்டதற்கு என் பதில் ஆம்தான். வாக்கெடுப்பு ரகசியமாக இருக்கும் என்று பேச்சு அடிபடுகிறது. அப்படியென்றால் ஒருவன் அவையில் என்ன பேசவேண்டியிருந்தாலும், பெட்டியில் மனசாட்சிப்படி போடலாம். என் மனசு உனக்குத் தெரியும்.

உரிமங்களையெல்லாம் புதுப்பிக்கும் வருடம் இது. வில்யார்கா கடை என் தங்கையுடையது என்று சம்பந்தப்பட்ட அதிகாரியிடம் நினைவுபடுத்தியிருக்கிறேன். கவலைப்படாதே, எல்லாம் நல்லபடியாகப் போகும் வரையில் அதுவும் நல்லபடியாகவே போகும்.

எலாடியோ


பர்கோஸ், 18 மே 1981

அன்புள்ள கசில்டா,

கடவுளின் கருணையால் நலமாக இருக்கிறேன். நீயும் நலமாக இருக்கப் பிரார்த்திக்கிறேன். வருடத்துக்கு ஒரு கிறிஸ்துமஸ் அட்டையைத் தவிர உனக்கு நான் எழுதியதில்லை. மன்னித்துக்கொள்.

ஆயர் இல்லத்திலிருந்து எனக்கு ஒரு உறை வந்தது. தேவாலயத்துக்குப் பூ ஏற்பாடு செய்பவர்கள் பட்டியலில் நான் இருப்பதால் அது பற்றித்தான் என்று நினைத்துப் பிரித்தேன். உன் அண்ணனுக்கும் எனக்கும் 1954-இல் நடந்தது திருமணமே இல்லை என்று அறிவிக்கச் சொல்லி உன் அண்ணன் கொடுத்த மனுவின் நகல் அதில் இருந்தது. ஆரம்பத்திலிருந்தே என்னை ஆயுசுக்கும் வைத்துக்கொள்ளும் எண்ணம் அவருக்கு இல்லையாம்.

இருபத்தேழு வருடம். இரண்டு பிள்ளைகள் பெற்றேன். மேயர் மனைவி என்று ரிப்பன் வெட்டினேன். அவர் விருந்துக்கு அழைத்தவர்களுக்கெல்லாம் ஆட்டுக்குட்டி வறுத்துப் போட்டேன். நான் யாராக இருந்தேன் என்று கேட்டால் அந்தக் காகிதத்தில் பதில் இல்லை.

எல்விரா விட்டோரியாவில் சுகமாக இருக்கிறாள். முதல் பிள்ளை கையை விடாததால்தான் ஊருக்கு வரவில்லை, இரண்டாவது ஜூலையில் பிறக்கும். அவளிடம்தான் முதலில் சொன்னேன். மாட்ரிட்டில் சொன்சோலெஸ் என்று ஒரு பெண்ணாம். முப்பத்தொரு வயது. அப்பா வங்கிக்காரர், கட்சிக்கு வேண்டியவர். தேவாலயத்திலேயே வெள்ளை உடுப்போடு கல்யாணம் நடக்க வேண்டும் என்று அவர்கள் வீட்டில் பிடிவாதமாம்.

மனுவின் கடைசிப் பக்கத்தில் சாட்சிகளின் பெயர் இருக்கிறது. முதல் பெயர் உன்னுடையது. நீ என்ன சொல்லப்போகிறாய் என்று நான் கேட்கமாட்டேன். உனக்கும் கடை இருக்கிறது, உன் வாழ்க்கை இருக்கிறது. தெரிவித்துவிட வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

அன்புடன்
அம்பாரோ


வில்யார்கா, 20 மே 1981

அன்புள்ள அண்ணி,

உங்கள் கடிதம் காலையில் வந்தது. மத்தியானத் தபாலிலேயே பதில் போடுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் அது கோபத்தில்.

அவன் என்னிடம் பெயர் சொல்லவில்லை. "ஒரு இளம் பெண்ணின் வாழ்க்கை" என்று எழுதினான். நான் எல்விரா என்று நினைத்தேன். அப்படி நினைக்கட்டும் என்று விட்டுவிட்டான். இளம் பெண் என்றது அந்த வங்கிக்காரர் மகளை. எல்விராவுக்காக என்று நினைத்துப் பொய் சொல்ல ஒப்புக்கொண்டேன், அண்ணி. வெட்கமாக இருக்கிறது. எனக்கும் அதில் ஒரு லாபம் இருந்தது, அதையும் மறைக்கவில்லை. அவன் ஓட்டை நான் விலை பேசியிருந்தேன்.

உங்கள் கல்யாணத்தன்று காலையில் அவன் உண்மையில் என்ன சொன்னான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நீங்கள் மனுவைப் படித்துவிட்டீர்கள், இதையும் படித்துவிடுங்கள். உங்களைப் புண்படுத்தும். அதற்காக முன்கூட்டியே மன்னிப்பு கேட்கிறேன்.

அவன் சட்டைக் காலருக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டேன்: "உனக்கு அவளைப் பிடிச்சிருக்கா?" கண்ணாடி முன்னால் நின்று மீசையைச் சரிசெய்துகொண்டே சொன்னான்: "எனக்குப் பிடிச்சா என்ன, பிடிக்காட்டி என்ன? ஆளுநருக்கு என்னைப் பிடிச்சிருக்கு. கெடைச்ச பிடிய நான் சாகுற வரைக்கும் விடமாட்டேன்."

உங்கள் அப்பா ஆளுநராக இருந்த மாகாணத்தில் இருபத்தொன்பது வயதில் அவன் மேயரானது எப்படி என்று ஊருக்கே தெரியும். ஆனாலும் அவன் வாயாலேயே கேட்டது நான் ஒருத்திதான். ஆயர் இல்லத்தில் இதைத்தான் சொல்லப்போகிறேன். உங்களை நேசித்தான் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. விட்டுவிடுவேன் என்று அவன் சொன்னதே இல்லை, அதற்கு ஆதாரம் இருக்கிறது.

அவன் மனுவைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். கிழித்துவிடாதீர்கள்.

உங்கள் நாத்தனார்
கசில்டா


வில்யார்கா, 10 ஜூன் 1981

எலாடியோ,

நலம். நீ நலமா என்று கேட்கவில்லை. நேற்று ரேடியோவில் உன் தொண்டை நன்றாகத்தான் இருந்தது.

நேற்றைக்கு முந்தின நாள் ஆயர் இல்லத்துக்குப் போய்வந்தேன். அங்கே நடந்தது ரகசியம் என்றார்கள், ஆனால் நான் சொன்னது என் சொந்த வாய் சொன்னது. ஜலதோஷம் பிடித்த ஒரு வயதான சாமியார் நீதிபதி. பக்கத்தில் எழுதிக்கொள்ள இன்னொருவர். சரிப்படாவிட்டால் விட்டுவிடுவேன் என்று மனுதாரர் உங்களிடம் சொன்னாரா என்று கேட்டார். இல்லை என்றேன். சட்டையையும் இஸ்திரியையும் மீசையையும் சொன்னேன். நீ சொன்ன வாக்கியத்தை, நீ சொன்னபடியே சொன்னேன்.

எழுதுகிறவர் பேனாவை நிறுத்திவிட்டார். நீதிபதி மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சாகுற வரைக்கும்னா சொன்னாரு?" என்று கேட்டார். "ஆமா ஃபாதர், சாகுற வரைக்கும்னுதான்" என்றேன். பதவி ஆசைக்காகக் கட்டிக்கொள்வது அழகல்ல என்றாலும், ஆயுசுக்கும் என்று நினைத்துக் கட்டிக்கொண்டால் அது கல்யாணம்தான் என்று மெதுவாக, யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னார். உன் மனு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. அவர் முகத்தைப் பார்த்தால் நல்லதாகத் தெரியவில்லை.

வெளியே வந்தபோது நீ பதினைந்து வயதில் எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லிக் கொடுத்தது நினைவு வந்தது. அந்த எலாடியோ எங்கே போனான் என்று யோசித்தேன். பிறகு பேருந்து வந்துவிட்டது.

நேற்று உன் பேச்சைக் கேட்டேன். கடையில் பத்துப் பேர் இருந்தார்கள். "என் மாகாணத்துப் பெண்களை நான் அறிவேன். அவர்களில் ஒரு கண்ணியமான பெண்கூட இந்தச் சட்டத்தைக் கையால் தொடமாட்டாள்." கைதட்டல் நன்றாக வந்தது. ஃபெர்மின் சிகரெட் வாங்க வந்தவர், வாங்காமலேயே போய்விட்டார். பத்தொன்பது வருடம் இந்த ஊரின் வாயில் விழாமல் நடந்த என்னை, ஊரே கேட்கும்படி நீ ஒரே வாக்கியத்தில் கண்ணியம் கெட்டவளாக்கிவிட்டாய்.

அப்போது மாமனார் ஆளுநர். இப்போது மாமனார் வங்கிக்காரர். உன் கொள்கை எத்தனை முறை மாறினாலும் மாமனார் இல்லாமல் உனக்கு ஒரு படி ஏறத் தெரியாது.

கசில்டா


மாட்ரிட், 29 ஜூன் 1981

கசில்டா,

எனக்குத் தூக்கமில்லை. ரத்த அழுத்தம் நூற்றெண்பதுக்கு ஏறிவிட்டது. டாக்டர் சத்தமாகப் பேசக்கூடாது என்கிறார்.

நீ என்ன செய்திருக்கிறாய் என்று உனக்குத் தெரியுமா? இலையுதிர்காலத்தில் மந்திரிசபை மாறுகிறது. என் பெயர் பட்டியலில் இருக்கிறது. சொன்சோலெஸின் அப்பா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். கூடப் பிறந்தவளே முதுகில் குத்தினால் அந்நியரை என்ன சொல்வது?

சட்டம் நிறைவேறிவிட்டது, செய்தியில் பார்த்திருப்பாய். முக்கியமான பிரிவுக்கு ஓட்டு ரகசியமாகத்தான் நடந்தது. நான் உனக்காக ஆதரவாகப் போட்டேன். பேச்சு வேறு, அது கட்சிக்காக. ஓட்டு உனக்காக. என் உயிர் மேல் ஆணை. என் பங்கை நான் செய்துவிட்டேன். இனி உன் பங்கு. ஆயர் இல்லத்துக்கு ஒரு கடிதம் எழுது: வயதாகிவிட்டது, நினைவு தடுமாறுகிறது, வேறு யாரோ சொன்னதை என் அண்ணன் சொன்னதாக நினைத்துவிட்டேன் என்று. நாலு வரி போதும். வாசகத்தை வக்கீல் அனுப்புவார்.

இல்லையென்றால் உரிமம் பற்றி நான் எதுவும் செய்வதற்கில்லை. புகார்கள் வந்திருக்கின்றனவாம். தனியாக இருக்கும் பெண், கடையில் கதவை மூடிக்கொண்டு ஒரு ஆணோடு. நான் சொல்லவில்லை, ஊரில் சொல்கிறார்கள்.

இன்னும் உன் அண்ணன்தான்,
எலாடியோ


வில்யார்கா, 9 செப்டம்பர் 1981

எலாடியோ,

பதிலுக்கு இரண்டு மாதம் காத்திருந்திருப்பாய். ஜூலையில் எல்விராவின் பிரசவத்துக்கு விட்டோரியா போயிருந்தேன். பெண் குழந்தை. உன் மூக்கு வரவில்லை, கடவுளுக்கு நன்றி. ஆகஸ்டில் நீதிமன்றங்களுக்கு விடுமுறை. அதனால்தான் தாமதம்.

வக்கீல் அனுப்பிய நாலு வரி வந்தது. என் நினைவு தடுமாறவில்லை. அந்தக் காகிதத்தைப் போட்டோக்களோடு பெட்டியில் வைத்திருக்கிறேன்.

போன வாரம் நீதிமன்றம் திறந்த முதல் நாள் முதல் பேருந்தில் பர்கோஸ் போனேன். அண்ணி நீதிமன்ற வாசலில் நின்றிருந்தார். காலைப் பூசை முடிந்து நேராக வந்திருந்தார், கையில் ஜெபப் புத்தகம், அதற்குள்ளே உன் மனு.

உன்னை நான் ரொம்ப நாள் புத்திசாலி என்று நினைத்திருந்தேன். சட்டம் என்ன கேட்கிறது தெரியுமா? ஐந்து வருடம் பிரிந்து வாழ்ந்ததற்கு அத்தாட்சி. எனக்குத் திமோதியோவால் பிரச்சினையே இல்லை, ஊரே சாட்சி. அண்ணிக்குத்தான் கஷ்டம் என்று நினைத்தோம். தேர்தலுக்குத் தேர்தல் நீ வந்து அவர் தோளில் கை போட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறாய். ஒன்றாகத்தான் வாழ்ந்தோம் என்று நீ சொன்னால் என்ன செய்வது? ஆனால் உன் மனுவின் இரண்டாம் பக்கத்தில், கல்யாணம் வெறும் பெயருக்குத்தான் என்று காட்டுவதற்காக, நீயே எழுதியிருக்கிறாய்: 1976 ஜனவரியிலிருந்து அம்பாரோவோடு குடும்ப வாழ்க்கை நடத்தவில்லை என்று. சத்தியப் பிரமாணத்தோடு, கையெழுத்தோடு, ஆயர் இல்லத்து முத்திரையோடு. எங்களுக்காக வந்த வக்கீலம்மா படித்துவிட்டுச் சிரித்தேவிட்டார். அண்ணி ஜீவனாம்சமும் கேட்கலாமாம். கல்யாணமே இல்லை என்று ஆகியிருந்தால் அவருக்கு என்ன மிஞ்சியிருக்கும் என்று நீ யோசித்திருக்கமாட்டாய். யோசித்திருந்தாயோ என்னவோ.

குமாஸ்தா புதுப் பதிவேட்டைப் பிரித்தார். முதல் பக்கம் வெறுமையாக இருந்தது. அண்ணியின் படிவத்தில் புருஷன் பெயரைப் படித்துவிட்டு என் பெயரையும் பார்த்தார். "பராஹோனாவா? ரேடியோல அந்தப் பேச்சுப் பேசினாரே, அவருக்கு நீங்க சொந்தமா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி சொன்னார்: "சொந்தமாத்தான் இருந்தேன். அப்படி இல்லவே இல்லேன்னு அவரு சர்ச்சுல எழுதிக் குடுத்திருக்காரு. நீங்களாவது என்னன்னு பார்த்துச் சொல்லுங்க."

இருபத்தேழு வருடத்தில் உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அண்ணி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை. பிறகு படிக்கட்டில் உட்கார்ந்து அழுதார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். அழுது முடித்ததும், பசிக்கிறது என்றார். சூடான சாக்லேட்டும், தொட்டுக்கொள்ள எண்ணெயில் பொரித்த சுரோவும் சாப்பிட்டோம்.

மாகாணத்தில் முதல் மனு என்னுடையது. இரண்டாவது உன் மனைவியுடையது. மூன்றாவதாக நின்ற பெண்ணை எனக்குத் தெரியாது. அவளுக்குப் பின்னால் வரிசை வாசல் வரைக்கும் இருந்தது. உள்ளூர்ப் பத்திரிகைக்காரன் ஒருவன் வந்து பெயர் கேட்டான். அண்ணி நிதானமாக எழுத்துக்கூட்டிச் சொன்னார், உன் பெயரையும் சேர்த்து. வெட்டி வைத்திருக்கிறேன், இத்துடன் இருக்கிறது.

உன் ஓட்டு ரகசியம். பெட்டியில் நீ என்ன போட்டாய் என்று கடவுளுக்குத்தான் தெரியும். அவரிடமும் வேறு மாதிரிதான் சொல்லியிருப்பாய். நாங்கள் போட்ட கையெழுத்து பதிவேட்டின் முதல் பக்கத்தில் இருக்கிறது, யார் கேட்டாலும் நாங்களே காட்டுவோம். உன் மாகாணத்துப் பெண்களை உனக்குத் தெரியும் என்றாயே, நன்றாகப் பார்த்துக்கொள்.

உரிமத்தை நீ பறிக்க வேண்டியதில்லை. நேற்று நானே திருப்பி அனுப்பிவிட்டேன். பதினேழு வருடம் நின்ற கடை, கதவைச் சாத்திவிட்டு மறுபடி ஒரு முறை திறந்து பார்த்தேன், பொய் சொல்லமாட்டேன். ஃபெர்மின் சாந்தாந்தருக்குப் போகவில்லை. தீர்ப்பு வந்ததும் கல்யாணம். உன் நீலச் சட்டைத் துணியையும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போகிறேன், அங்கே ஜன்னல்கள் நிறைய.

இந்த உறையில் ஒட்டியிருப்பது என் கடையின் கடைசித் தபால்தலை. இனி உனக்கு எழுதவேண்டுமென்றால் தபால்தலைக்குப் பக்கத்து ஊர் வரை நடக்கவேண்டும். என் முழங்கால் அதற்கு இடம் கொடுக்காது.

கசில்டா